ஓபரா கேட்கப் பழகுவது எப்படி: ஒரே ஒரு கதையை வைத்துக்கொண்டு

பாட்டாலேயே கதை சொல்லும் மேலைநாட்டு இசைநாடகமான ஓபராவுக்குள் நான் தப்பான வாசல் வழியாகத்தான் நுழைந்தேன். புகழ்பெற்ற ஆரியாக்களின் (ஓபராவில் ஒருவர் தனியாகப் பாடும் பாட்டுகள்) தொகுப்பு ஒன்று கையில் கிடைத்தது, போட்டேன். யாரோ ஒருவர் உச்சஸ்தாயியில் அழுதார், கைதட்டல். அடுத்தவர் இன்னும் உரக்க அழுதார், மறுபடி கைதட்டல். யார் செத்தார்கள், யார் யாரை ஏமாற்றினார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. பத்துப் படங்களிலிருந்து க்ளைமாக்ஸை மட்டும் வெட்டி ஒட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. நாலாவது பாட்டோடு மூடிவைத்தேன். மறுபடி எடுக்கச் சில வருஷங்கள் ஆயின.

அதனால் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, தொகுப்புப் பக்கம் போகாதீர்கள் என்பதைத்தான். ஒரே ஒரு ஓபராவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கதையை முடிவு உட்பட முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு இரண்டு மூன்று வாரம் அதையே திரும்பத் திரும்பக் கேளுங்கள். இசைக்குறிப்பு படிக்கத் தெரிய வேண்டாம், இத்தாலிய மொழியும் தெரிய வேண்டாம். ஒரு ஓபரா உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால், அடுத்த பத்தும் தானாக வந்து சேரும்.

1. எதை எடுப்பது?

என் தேர்வு இத்தாலிய இசையமைப்பாளர் ஜுசெப்பே வெர்டியின் 'லா ட்ராவியாட்டா'. தலைப்புக்கு 'வழி தவறியவள்' என்று பொருள். இசை மட்டும் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். முக்கியமான பாத்திரங்கள் மூன்றே பேர். தேவர்கள் இல்லை, டிராகன் இல்லை, மாறுவேடக் குழப்பம் இல்லை. உலகத்தில் மிக அதிகமாக மேடையேறும் ஓபராக்களில் இதுவும் ஒன்று என்பதால், நல்ல பதிவுகளுக்குப் பஞ்சமே கிடையாது.

சோகம் வேண்டாம் என்கிறவர்கள் மோட்ஸார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' எடுக்கலாம். அது ஜெர்மன் மொழியில், நடுநடுவே சாதாரணப் பேச்சு வசனத்தோடு வரும். ஆனால் வாக்னரின் 'நிபெலுங்கின் மோதிரம்' பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். நான்கு இரவுகள், கிட்டத்தட்ட 15 மணி நேர இசை. ஆழம் தெரியாமல் காலை விடுகிற கதைதான்.

இங்கிருந்து கீழே எல்லாமே ட்ராவியாட்டாவை வைத்துத்தான்.

2. கதையை முழுசாகப் படியுங்கள்

சினிமாவுக்குப் போகுமுன் யாராவது முடிவைச் சொன்னால் கோபம் வரும். ஓபராவில் கதை தெரியாமல் போய் உட்கார்ந்தால்தான் நஷ்டம். அரங்கில் கொடுக்கிற நிகழ்ச்சிப் புத்தகத்திலேயே கடைசிச் சாவு வரைக்கும் அச்சடித்திருப்பார்கள். என்ன நடக்கப்போகிறது என்ற ஆவலை நம்பி இந்தக் கலை நிற்கவில்லை. நடக்கும் அந்த நொடியை எவ்வளவு நேரம் இழுத்துப் பிடித்துக் காட்டுகிறார்கள் என்பதில்தான் அதன் ருசி இருக்கிறது.

கதை இதுதான். பாரிஸில் பணக்கார ஆண்களின் ஆசைநாயகியாக வாழ்கிறவள் வியோலெட்டா. காசநோய்க்காரி. ஒரு விருந்தில் ஆல்ஃபிரேடோ என்ற இளைஞன் அவளிடம் காதலைச் சொல்கிறான். முதலில் சிரிக்கிறாள், பிறகு தடுமாறுகிறாள். அடுத்த அங்கத்தில் இருவரும் நகரத்துக்கு வெளியே ஒரு வீட்டில் வாழ்கிறார்கள். செலவுக்கு அவள் தன் உடைமைகளை விற்றுக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியாது. அவன் இல்லாத நேரம் அவனுடைய அப்பா ஜெர்மோன் வருகிறார். உன்னால் என் மகளின் கல்யாணம் நின்றுபோகும், என் பையனை விட்டுப் போய்விடு என்கிறார். அவள் போய்விடுகிறாள், காரணம் சொல்லாமல். துரோகம் செய்துவிட்டாள் என்று நினைத்த ஆல்ஃபிரேடோ, ஊரே கூடியிருக்கும் விருந்தில் சூதாடி ஜெயித்த பணத்தை அவள்மேல் விட்டெறிகிறான். கடைசி அங்கத்தில் உண்மை தெரிந்து அவன் ஓடிவரும்போது அவள் சாகக் கிடக்கிறாள். அவன் கைகளுக்குள் சாகிறாள்.

இந்தக் கதைக்கு ரத்தமும் சதையுமாக ஒரு மூலம் உண்டு. மரி டூப்ளெசி என்ற பெண் 1847இல் பாரிஸில் 23 வயதில் காசநோயால் இறந்தாள். அவளோடு பழகிய அலெக்ஸாண்டர் டூமா (அதே பேருள்ள புகழ்பெற்ற நாவலாசிரியரின் மகன்) அடுத்த வருஷமே அதை நாவலாக்கி, பிறகு நாடகமாகவும் போட்டார். நாடகம் மேடையேறியது 1852 பிப்ரவரி. வெர்டியின் ஓபரா வெனிஸின் லா ஃபெனிசே அரங்கில் 1853 மார்ச் 6. அதாவது அன்றைய ரசிகர்களுக்கு இது நேற்றைய செய்தி. வெர்டி அக்கால உடையிலேயே நடிக்கவைக்க ஆசைப்பட்டார். அரங்கத்தார் விடவில்லை, கதையை 1700ஆம் ஆண்டு வாக்கில் நடப்பதாகத் தள்ளிவைத்தார்கள். ரொம்பப் பக்கத்தில் சுட்டிருக்கும் போல.

3. முதல் நாள்: முன்னிசை மட்டும்

முதல் நாளே முழு ஓபராவையும் கேட்க வேண்டாம். திரை தூக்குவதற்கு முன் ஆர்க்கெஸ்ட்ரா (வாத்தியக் குழு) மட்டும் வாசிக்கும் முன்னிசை நான்கு நிமிடம் வரும். அதை மட்டும் ஹெட்போனில், வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல், மூன்று தடவை கேளுங்கள்.

தொடக்கத்தில் வயலின்கள் மட்டும், பல பிரிவுகளாகப் பிரிந்து, உயரத்தில், மூச்சு விடவே பயப்படுகிற மாதிரி வாசிக்கும். இது சாவுப் படுக்கை. இதே இசைதான் கடைசி அங்கத்தின் வாசலில் திரும்ப வரப்போகிறது. அது அடங்கியதும் ஒரு அகன்ற மெட்டு எழும். இரண்டாம் அங்கத்தில் அவள் ஆல்ஃபிரேடோவைப் பிரிகிற நொடியில் பாடும் மெட்டு அது. பிறகு அதே மெட்டைத் தாழ்ந்த தந்திகள் எடுத்துக்கொள்ள, மேலே வயலின்கள் விருந்து மண்டபச் சிரிப்பு மாதிரி துள்ளிக்கொண்டிருக்கும். முதலில் சாவு, அப்புறம் காதல், அப்புறம் கொண்டாட்டம். அவள் வாழ்க்கையை வெர்டி கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் புரட்டுகிறார். நான்காவது நிமிடத்தில் இசை தேய்ந்து மறைந்ததும், சட்டென்று விருந்தின் ஆரவாரம் வெடிக்கும். கதை தெரிந்த காதுக்கு அந்த ஆரவாரம் சந்தோஷமாகவே கேட்காது. கதையை முதலில் படிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

4. இரண்டாம் நாளிலிருந்து: பாடவரியைக் கையில் வைத்துக்கொண்டு

ஓபராவின் பாடவரி முழுவதையும் லிப்ரெட்டோ என்பார்கள். ட்ராவியாட்டாவுக்கு எழுதியவர் ஃப்ரான்செஸ்கோ மரியா பியாவே. இத்தாலிய வரி ஒரு பக்கம், மொழிபெயர்ப்பு ஒரு பக்கம் என்று இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். ஒரு நாளைக்கு 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வரியை விரலால் தொடர்ந்துகொண்டே கேளுங்கள். தொலைந்துபோனால் நிறுத்திப் பின்னால் போங்கள், யாரும் கேட்கப்போவதில்லை.

இப்போது ஒரு விஷயத்தைக் கவனிக்கப் பழகுங்கள். கடிகாரம் எப்போது ஓடுகிறது, எப்போது நிற்கிறது?

சில இடங்களில் பாத்திரங்கள் பேச்சுக்கு நெருக்கமாக, கடகடவென்று பாடுவார்கள். ஆர்க்கெஸ்ட்ரா ஒதுங்கி நின்று, அங்கங்கே ஒரு வெட்டு வெட்டும். ரெசிடேட்டிவ் என்று பெயர். செய்தி வருவது, ஆள் வருவது, சண்டை மூள்வது எல்லாம் இதில்தான். அங்கே கடிகாரம் ஓடும். பிறகு ஆரியா வரும். ஒரு மன நிலை, ஒரு மெட்டு. அதே நாலு வரியை ஐந்து நிமிடம் சுற்றிச் சுற்றிப் பாடுவார்கள். வெளியுலகத்தில் கண் இமைக்கும் நேரம்கூட ஆகியிருக்காது. 'சொன்னதையே எதற்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்' என்று புதியவர்கள் எரிச்சல்படுவது இங்கேதான். மனசு ஒன்றில் மாட்டிக்கொண்டால் நாமும் அதையேதானே சுற்றிச் சுற்றி யோசிக்கிறோம்?

முதல் அங்கத்தின் கடைசியில் இதை நன்றாகப் பார்க்கலாம். விருந்தாளிகள் போய்விட்டார்கள், வியோலெட்டா தனியாக நிற்கிறாள். 'விசித்திரமாக இருக்கிறதே' என்று ரெசிடேட்டிவில் ஆரம்பிக்கிறாள். பிறகு மெதுவான ஆரியா: என் மனம் தேடியது இவனைத்தானோ? உடனே தலையை உதறி, 'பைத்தியக்காரத்தனம்!' என்று கத்திவிட்டு, வேகமான இன்னொரு பாட்டில் பாய்கிறாள்: நான் என்றும் சுதந்திரப் பறவை. அந்த நேரம் வெளியிலிருந்து ஆல்ஃபிரேடோவின் குரல், முன்பு காதல் சொன்ன அதே மெட்டோடு வரும். அவள் இன்னும் வேகமாக, இன்னும் உயரத்தில் பாடுவாள். துள்ளல் முழுக்கத் தப்பி ஓடுகிறவளின் துள்ளல்.

இந்தப் பாட்டின் முடிவில் சிலர் காது கூசுகிற உயரத்தில் ஒரு சுரம் பிடிப்பார்கள், அரங்கம் அதிரும். வெர்டி அந்தச் சுரத்தை எழுதவில்லை. பாடகிகள் தாங்களே சேர்த்துக்கொண்ட மரபு அது. பாடாமல் விட்டால் குறையும் இல்லை. எனக்கு விடுகிறவர்களைத்தான் பிடிக்கும், ஆனால் கூட்டம் என் பக்கம் இல்லை.

5. அந்த இருபது நிமிடம்

முழு ஓபராவிலும் ஒரே இடத்துக்குத்தான் நேரம் ஒதுக்க முடியும் என்றால், இரண்டாம் அங்கத்தில் ஜெர்மோனும் வியோலெட்டாவும் சந்திக்கும் காட்சிக்கு ஒதுக்குங்கள். பிரபலமான விருந்துப் பாட்டு எல்லோருக்கும் தெரியும், விளம்பரத்தில்கூட வரும். இந்தக் காட்சியைத் தனியே வெட்டித் தொகுப்பில் போட முடியாது, அதனால் புதியவர்கள் காதில் விழுவதே இல்லை.

ஏறத்தாழ 20 நிமிடம், பெரும்பாலும் இருவர் மட்டும். உள்ளே வரும்போது ஜெர்மோன் கண்டிப்பான மனிதர், வாயைத் திறந்ததுமே குற்றம் சாட்டுகிறார். அவள் நிமிர்ந்து, நான் ஒரு பெண், என் வீட்டில் நிற்கிறீர்கள் என்கிறாள். அந்த ஒரு பதிலில் அவருக்குச் சுருதி இறங்கிவிடுகிறது. பிறகு தன் மகளைப் பற்றிப் பாடுகிறார்: தேவதை மாதிரிப் பெண். மெட்டு வழவழப்பாக, சமமாக, ஒரு மடிப்புக் கலையாமல் போகும். வியோலெட்டா பதில் சொல்லும்போது மெட்டே உடைந்துவிடும். துண்டு துண்டாக, மூச்சு வாங்க, எனக்கு யாரும் இல்லை, நோய் இருக்கிறது, அவனை விட்டால் செத்துப்போவேன். அவர் மறுபடி பொறுமையாக அடுத்த வாதத்தை எடுப்பார். இன்று அழகாக இருக்கிறாய், நாளை வயது போனால்?

இதற்குமேல் அவள் வாதாடமாட்டாள். ஆர்க்கெஸ்ட்ரா ஏறக்குறைய நின்றுபோகும். அடுத்து அவள் பாடுவது, இந்த ஓபராவிலேயே மிக எளிமையான மெட்டுகளில் ஒன்று. 'அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள்...' தன்னால் ஒரு பெண்ணுக்கு நல்லது நடக்கட்டும் என்று விட்டுக்கொடுக்கிறாள். தொண்டையை உயர்த்துவதில்லை, அலங்காரம் ஒன்றுகூட இல்லை. ஜெர்மோன் அவள் பாட்டுக்குக் கீழே 'அழு, அழு' என்கிறார். ஜெயித்தவர் அவர்தான், ஆனால் குரலில் ஜெயித்த தொனி இருக்காது.

அவர் போனதும் அவள் கடிதம் எழுத உட்காருகிறாள். ஆல்ஃபிரேடோ வந்துவிடுகிறான். ஒன்றும் இல்லை என்று மழுப்புகிறாள். ஆர்க்கெஸ்ட்ரா அடியில் கொதித்துக்கொண்டே வரும். வந்து, ஒரேயடியாக உடையும்: முன்னிசையில் நீங்கள் மூன்று தடவை கேட்ட அந்த அகன்ற மெட்டு, இப்போது முழுக் குரலில். 'என்னை நேசி, ஆல்ஃபிரேடோ, நான் உன்னை நேசிக்கிற அளவுக்கு.' நாலு வரிதான். பாடிவிட்டு ஓடிவிடுகிறாள். அவனுக்கு எதுவும் புரியவில்லை, நமக்கு எல்லாம் புரிகிறது.

இந்தக் காட்சியை வாரத்துக்கு இரண்டு தடவை கேளுங்கள். முதல் தடவையே சிலிர்க்கவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம். எனக்கு ஐந்தாவது தடவைதான் பிடிபட்டது.

6. குரல்கள்

பெண்குரலில் உயர்ந்தது சோப்ரானோ, நடுவில் மெஸ்ஸோ, தாழ்ந்தது கான்ட்ரால்டோ. ஆண்குரலில் டெனர், பாரிடோன், பாஸ். இதைப் பாடமாகப் படிக்க வேண்டியதே இல்லை. டெனரும் சோப்ரானோவும் காதலிப்பார்கள், பாரிடோன் கெடுப்பார் என்று ஓபரா ரசிகர்கள் நடுவே ஒரு பழைய கிண்டல் உண்டு. ட்ராவியாட்டா அச்சு அசலாக அப்படியே. வியோலெட்டா சோப்ரானோ, ஆல்ஃபிரேடோ டெனர், அப்பா பாரிடோன்.

'ஏன் இப்படிக் கத்துகிறார்கள், குரல் ஏன் நடுங்குகிறது?' என்ற கேள்விக்கு மட்டும் பதில் தெரிந்திருக்க வேண்டும். ஓபராவில் மைக் கிடையாது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் சுமார் 3,800 இருக்கைகள். ஆர்க்கெஸ்ட்ராவைத் தாண்டி, ஒற்றைத் தொண்டை கடைசி வரிசைக்குப் போய்ச் சேர வேண்டும். பலத்தால் மட்டும் அது முடியாது. ஆர்க்கெஸ்ட்ராவின் ஒலிப்பலம் 500 ஹெர்ட்ஸ் வாக்கில் குவிந்திருக்கும், மேலே போகப் போகக் குறையும். பயிற்சி பெற்ற பாடகர்கள் தொண்டையின் அமைப்பை மாற்றி, 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒலியைத் திரட்டுகிறார்கள். அந்தப் பகுதியில் ஆர்க்கெஸ்ட்ரா இளைத்திருக்கும், மனிதக் காதோ மிகவும் கூர்மையாக இருக்கும். அந்த இடைவெளி வழியாகத்தான் குரல் வெளியே வருகிறது. நொடிக்கு ஐந்தாறு தடவை வரும் அந்தக் குரல் நடுக்கம், தளர்வாகவும் இயல்பாகவும் பாடும் குரலில் தானாக வருவது. ஹெட்போனில் முதல் வாரம் உறுத்தும். இரண்டாம் வாரம் மறந்துபோகும்.

7. இப்போது பாருங்கள்

காதால் ஒரு சுற்று முடிந்த பிறகு கண்ணுக்கு வாருங்கள். இரண்டு பதிவுகளைச் சொல்கிறேன், இந்த வரிசையில்.

முதலில் 1994இல் லண்டன் ராயல் ஓபரா ஹவுஸில் ரிச்சர்ட் ஐர் மேடையேற்றியது. ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தியவர் ஜார்ஜ் ஷோல்டி, வியோலெட்டாவாக ஏஞ்சலா கெயோர்கியு. பட்டுப் பாவாடை, சரவிளக்கு, எல்லாம் கதையின் காலத்திலேயே இருக்கும். பி.பி.சி. தன் நிகழ்ச்சி வரிசையையே மாற்றி இதை ஒளிபரப்பியது. கெயோர்கியு ஒரே இரவில் நட்சத்திரமானார்.

அது முடிந்த பிறகு 2005இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் விழாவில் வில்லி டெக்கர் மேடையேற்றியது. பாடியவர்கள் அன்னா நெட்ரெப்கோ, ரோலாண்டோ வில்லசோன். மேடையில் வெள்ளைச் சுவர், ராட்சதக் கடிகாரம் ஒன்று, சிவப்பு உடையில் ஒரு பெண், அவ்வளவுதான். டாக்டர் பாத்திரம் தொடக்கத்திலிருந்தே மூலையில் சாவு மாதிரி உட்கார்ந்திருப்பார். எடுத்த எடுப்பில் இதைப் பார்த்தால் தலைகால் புரியாது. கதை தெரிந்து பார்த்தால், அந்தக் கடிகாரம் ஒன்றே போதும்.

பார்க்கும்போது கடைசி அங்கத்தில் ஓரிடத்தைத் தவறவிடாதீர்கள். வியோலெட்டா வேலைக்காரியிடம் வீட்டில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று கேட்பாள். இருபது பொற்காசு என்பாள் அவள். பத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிடு என்பாள். பிறகு ஒரு கடிதத்தை எடுப்பாள்: உண்மையைச் சொல்லிவிட்டேன், ஆல்ஃபிரேடோ வருகிறான் என்று ஜெர்மோன் எழுதியது. இங்கே அவள் பாடுவதில்லை. சாதாரணப் பேச்சுக் குரலில் வாசிக்கிறாள். பாடியே நகர்ந்துவந்த ஓபராவில் திடீரென்று பேச்சு. அடியில் ஒற்றை வயலின் ஒன்று, முதல் அங்கத்தில் ஆல்ஃபிரேடோ காதல் சொன்ன மெட்டை நூல் மாதிரி இழுத்துக்கொண்டிருக்கும். மடித்துவைத்துவிட்டுச் சொல்வாள்: 'நேரம் கடந்துவிட்டது.' அதுவும் பாட்டாக வராது.

இலவசமாகப் பார்க்க ஓபராவிஷன் தளம் இருக்கிறது. ஐரோப்பிய அரங்குகள் பலவற்றின் தயாரிப்புகளைச் சப்டைட்டிலோடு சில மாதங்கள் போட்டுவைப்பார்கள். மெட்ரோபாலிட்டன் ஓபரா 2006 டிசம்பரிலிருந்து தன் மேடையைத் திரையரங்குகளுக்கு நேரடியாக அனுப்புகிறது.

8. வாழ்க்கைக் கதை கடைசியில்

பலர் இசையமைப்பாளரின் வாழ்க்கையைப் படித்துவிட்டு இசைக்கு வருகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். இசை உள்ளே போன பிறகு படித்தால், ஒவ்வொரு தகவலும் எங்கேயாவது போய் ஒட்டிக்கொள்ளும்.

வெர்டி 1813இல் லே ரோன்கோலே என்ற சிற்றூரில் பிறந்தார். மிலான் இசைக் கல்லூரி 1832இல் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இன்று அந்தக் கல்லூரிக்கே அவர் பேர். படிக்கவைத்தவர் புசெட்டோ ஊர் வியாபாரி அந்தோனியோ பரெட்ஸி, அவர் மகள் மார்கெரீட்டாதான் மனைவி. 1838இலிருந்து 1840க்குள் இரண்டு குழந்தைகளும் மனைவியும் அடுத்தடுத்துப் போனார்கள். அந்த 1840இலேயே அவரிடம் இருந்த வேலை ஒரு நகைச்சுவை ஓபரா. அது மேடையில் படுத்துவிட்டது. 1842இல் 'நபுக்கோ' அவரைத் தூக்கி நிறுத்தியது; அதில் முக்கியப் பெண் வேடம் பாடியவர் ஜுசெப்பீனா ஸ்ட்ரெப்போனி. பின்னாளில் இருவரும் கல்யாணம் ஆகாமலே புசெட்டோவில் சேர்ந்து வாழ்ந்தார்கள். திருமணமாகாமல் பிள்ளை பெற்றவர் ஸ்ட்ரெப்போனி. ஊர் அவரை ஒதுக்கியது. 1852 ஜனவரியில் வெர்டி தன் பழைய மாமனாருக்கே கடுமையாகக் கடிதம் எழுதினார்: என் வீட்டில் இருக்கிற பெண்ணுக்கும் எனக்கும் உரிய மரியாதை வேண்டும், நாங்கள் எப்படி வாழ்கிறோம் என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை என்ற தோரணையில். அடுத்த வருஷம் ட்ராவியாட்டா.

இரண்டையும் நேராக முடிச்சுப் போடக் கை துறுதுறுக்கும். கொஞ்சம் ஜாக்கிரதை, கதை டூமாவுடையது. ஆனாலும் ஜெர்மோன் வாசலில் வந்து நிற்கிற காட்சிக்கு வெர்டி ஏன் 20 நிமிடம் கொடுத்தார் என்று யோசிக்காமல் இருக்க முடியாது.

ட்ராவியாட்டாவின் முதல் இரவு தோல்வி. டெனருக்குத் தொண்டை கட்டியிருந்தது. வியோலெட்டாவாக வந்த ஃபானி சால்வினி-டொனாத்தெல்லி நன்றாகப் பாடினார், ஆனால் உடம்பு கொஞ்சம் பருமன். காசநோயில் இளைத்துச் சாகிறவள் என்று நம்ப வெனிஸ்காரர்களால் முடியவில்லை. மறுநாள் வெர்டி தன் மாணவருக்கு எழுதினார்: நேற்று ட்ராவியாட்டா தோல்வி, தப்பு என்னுடையதா பாடகர்களுடையதா, காலம் சொல்லும். சில இடங்களைத் திருத்தி, 1854 மே மாதம் அதே வெனிஸில் வேறோர் அரங்கில் போட்டார்கள். காலம் பதில் சொல்ல ஒரு வருஷத்துக்குச் சற்றுமேல் எடுத்துக்கொண்டது. ஸ்ட்ரெப்போனியை 1859இல் மணந்தார். மிலானில் வயதான இசைக்கலைஞர்களுக்காக அவர் கட்டிய இல்லத்தில்தான் இருவருக்கும் கல்லறை.

9. அரங்குக்குப் போனால்

விலை குறைந்த மேல்மாடி இருக்கையைத் தயங்காமல் எடுங்கள், ஒலி பெரும்பாலும் மேலே நன்றாகவே இருக்கும். பக்கவாட்டுப் பெட்டிகளில்தான் மேடையின் பாதி மறையும்; 'பார்வை மறைப்பு' என்று டிக்கெட்டிலேயே போட்டிருப்பார்கள். வியன்னா ஸ்டேட் ஓபராவில் நின்று பார்க்கும் இடங்கள் உண்டு. இடம் பிடித்ததும் கம்பியில் ஒரு துப்பட்டாவைக் கட்டிவிட்டுப் போகலாம், யாரும் அவிழ்க்கமாட்டார்கள்.

தாமதமாகப் போகாதீர்கள். விளக்கு அணைந்த பிறகு போனால் இடைவேளை வரை வெளியே நிற்க நேரிடும். உடையைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். வரிகளின் மொழிபெயர்ப்பு மேடைக்கு மேலேயோ, முன் இருக்கையின் முதுகிலோ ஓடும். 1983இல் டொரன்டோவில் தொடங்கிய பழக்கம் இது. அதற்கு முன் மொழி தெரியாதவர்கள் கதையை நெட்டுருப் போட்டுக்கொண்டுதான் வந்தார்கள்.

எப்போது கைதட்டுவது? இத்தாலிய ஓபராவில் ஆரியா முடிந்து ஆர்க்கெஸ்ட்ரா நின்றால் தட்டலாம். சந்தேகம் இருந்தால் மற்றவர்கள் தட்டட்டும், பின்னால் சேர்ந்துகொள்ளுங்கள். ஆணுக்கு பிராவோ, பெண்ணுக்கு பிராவா, கூட்டத்துக்கு பிராவி. மிலானின் லா ஸ்காலாவில் மேல்மாடிக்காரர்கள் கேலி செய்து ஊளையிடவும் தயங்கமாட்டார்கள். 2006இல், பண்டைய எகிப்தில் நடக்கும் கதையான வெர்டியின் 'ஐதா' மேடையில் இருக்கும்போது டெனர் ரொபெர்த்தோ அலாஞ்யா அதைப் பொறுக்காமல் மேடையைவிட்டே போய்விட்டார். மாற்றுப் பாடகர் வேடம் மாற்ற நேரமில்லாமல், அன்றாட உடையிலேயே பண்டைய எகிப்துக்குள் ஓடிவந்து பாடினார்.

10. அடுத்து

மூன்று வாரத்துக்குப் பிறகு புச்சினியின் 'லா போயேம்' எடுங்கள். 1896இல் தூரின் நகரில், 28 வயது தொஸ்கனீனி ஆர்க்கெஸ்ட்ராவை நடத்த, முதன்முதலாக மேடையேறியது. இரண்டு மணி நேரம்கூட இல்லை. இதிலும் காசநோய், இதிலும் பாரிஸ், ஆனால் வேலை முற்றிலும் வேறு. வெர்டி கடிகாரத்தை நிறுத்தி வைப்பார். புச்சினியில் அது ஓடிக்கொண்டே இருக்கும், பேச்சும் பாட்டும் பிரித்தறிய முடியாமல் கலந்து போகும். 1972இல் கராயன் நடத்த, பவரொட்டியும் மிரெல்லா ஃப்ரெனியும் பாடிய பதிவு கிடைத்தால் விடாதீர்கள்.

கடைசி அங்கத்தில் நாயகி மிமி சாகக் கிடப்பாள். நண்பர்கள் மருந்தை, விளக்கை, அவள் கைக்குச் சூடு தரும் உறையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் காதலன் ரொடோல்ஃபோ ஜன்னல் பக்கம் போயிருப்பான். அவள் உயிர் போகிற நொடியை ஆர்க்கெஸ்ட்ரா மிக மெல்லிய ஒரு மாற்றத்தில் சொல்லிவிடும். மேடையில் அப்போது ஒருவருக்கும் தெரியாது. பிறகு ஒவ்வொருவராகத் தெரிந்துகொள்வார்கள், அவனுக்குக் கடைசியில்தான் தெரியும். முதல் தடவை கேட்கும்போது நீங்களும் அந்த நொடியைத் தவறவிடுவீர்கள். இரண்டாம் தடவை, அது வருவதற்கு முன்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பீர்கள்.